நாற்பதுக்கு ஒன்று



பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். தோட்டத்துப் பாதையில் இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு வந்தார்கள். முன்னால் பிடித்துத் தள்ளியவன் என் பழைய மாணவன். பின்னால் தள்ளியவர் அவன் தகப்பனார், செம்பனைக் குலை வெட்டுபவர். இருவர் முகத்திலும் பேச்சில்லை. வழியிலேயே பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்து விட்டார்கள் என்று தெரிந்தது.

"சார், வண்டி ஜாம் ஆயிடுச்சு" என்றான் பையன்.

"சார், உங்ககிட்ட படிச்ச பயதானே. நீங்களே கேளுங்க. தங்கச்சி காலேஜுக்கு வச்சிருந்த காசு சார் இது" என்றார் தகப்பனார்.

விஷயம் இதுதான். பையன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. மண்பாதையில் ஓட்டும் ஸ்க்ராம்ப்ளர் வண்டி மீது மட்டும் கொள்ளை ஆசை. இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தான். பற்றாத பணத்துக்குத் தாயாரிடம் போனான். தங்கையைப் பாலிடெக்னிக்கில் பதிவதற்கு வைத்திருந்த பணம் பெட்டியில் இருந்தது. "ரெண்டு மாசத்துல திருப்பித் தர்றேன்மா" என்றான். தாய் மனம் அல்லவா? கொடுத்து விட்டார். பழைய வண்டி ஒன்று, 125 சிசி, டூ-ஸ்ட்ரோக், கைமாறி வந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குன்றுப் பாதையில் ஓட்டும்போது இஞ்சின் பிடித்துக் கொண்டது. பின்சக்கரம் சட்டென்று நின்று, பையன் கீழே விழுந்து முழங்கை தோலுரிந்தது. அது ஆறிவிடும். தங்கையின் பதிவுக்கு ஐந்து வாரமே இருந்தது. ஜாம் ஆன வண்டியை விற்றாலும் பாதி விலை கூட வராது.

"டூ-டி எண்ணெய் கலந்தாயா தம்பி?" என்று கேட்டேன்.

"கலந்தேன் சார். வித்தவரு நாப்பதுக்கு ஒண்ணு போடச் சொன்னாரு. அஞ்சு லிட்டர் தோம்புல நாப்பது மில்லி அளந்து ஊத்தினேன். ஒரு சொட்டு கொறைக்கல."

நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். இவனுக்கு ஆறாம் ஆண்டில் விகிதம் சொல்லிக் கொடுத்தவன் நான். மாம்பழமும் கோலிக்குண்டும் வைத்துக் கணக்குப் போட்டோம். பரீட்சையில் எல்லாம் சரியாகத்தான் எழுதினான். பெட்ரோல் தோம்பு என்று வந்தபோது அந்தக் கணக்கு அவனுக்கு உதவவில்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை இதற்கு ஒதுக்கினேன். வீட்டில் ஸ்க்ராம்ப்ளர் இல்லாதவர்களும் படியுங்கள். புல்வெட்டும் மிஷின் இல்லாத தோட்ட வீடு குறைவு. அதிலும் பெரும்பாலானவற்றுக்கு இதே கணக்குதான்.

எண்ணெய் ஏன் கலக்க வேண்டும்?

நாம் வேலைக்குப் போகும் கப்சாய் வண்டிகள் இப்போது பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக். அவற்றின் அடிவயிற்றில் இஞ்சின் எண்ணெய் தனியாகத் தேங்கி நிற்கும். அது உள்ளே சுற்றிச் சுற்றி வந்து உராயும் பாகங்களை நனைக்கும். பெட்ரோலும் அந்த எண்ணெயும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

மண்பாதை ஓடும் டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் வேறு விதம். 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் செய்த அமைப்பு இன்று வரை அடிப்படையில் மாறவில்லை. காற்றும் பெட்ரோலும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் அறைக்குள் நுழைகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கத்து வழியாக மேலே ஏறி எரிகிறது. பெட்ரோல் போகும் பாதையே அதுவானால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியுமா? முடியாது. ஆகவே எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து அனுப்புகிறோம். போகிற போக்கில் அது கிராங்க் பேரிங்கையும், பிஸ்டனையும், சிலிண்டர் சுவரையும் நனைத்து விட்டுக் கடைசியில் எரிந்து புகையாகப் போய் விடும். திரும்பி வராது. எனவே ஒவ்வொரு சொட்டுப் பெட்ரோலும் தனக்குரிய எண்ணெயைத் தானே சுமந்து வர வேண்டும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. யமாஹா ஆர்எக்ஸ்-இசட் போன்ற சாலையில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் டூ-டி எண்ணெய்க்குத் தனி டேங்க் இருக்கும். சின்ன பம்ப் ஒன்று தேவையான அளவை அனுப்பும். யமாஹா நிறுவனம் 1964இல் இந்த முறையை ஆட்டோலூப் என்ற பெயரில் கொண்டு வந்தது. அப்படிப்பட்ட வண்டியின் பெட்ரோல் டேங்கில் வெறும் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். பந்தயத்துக்கென்று செய்த ஸ்க்ராம்ப்ளர்களில் எடையைக் குறைக்க இந்தப் பம்ப் பெரும்பாலும் வைப்பதில்லை. கைமாறிய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதற்குப் பம்ப் உண்டா, அல்லது கலந்துதான் ஊற்ற வேண்டுமா? முன்பிருந்தவர் பம்பைக் கழற்றி எறிந்திருக்கவும் கூடும். கண்ணால் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

கணக்கு

நாற்பதுக்கு ஒன்று என்றால் நாற்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். நாற்பது மில்லி என்று பொருளல்ல. பங்கு என்பது எந்தப் பாத்திரமாகவும் இருக்கலாம். நாற்பது டம்ளர் பெட்ரோலுக்கு ஒரு டம்ளர். நாற்பது வாளிக்கு ஒரு வாளி. பாத்திரம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வழி சுலபம். பெட்ரோலை மில்லியாக மாற்றுங்கள். ஒரு லிட்டர் 1,000 மில்லி. ஐந்து லிட்டர் 5,000 மில்லி. அதை விகித எண்ணால் வகுங்கள். 5,000ஐ 40ஆல் வகுத்தால் 125. ஐந்து லிட்டருக்கு 125 மில்லி எண்ணெய். அவ்வளவுதான்.

நம் பையன் ஊற்றியது 40 மில்லி. அப்படியானால் அவன் கலந்தது என்ன விகிதம்? 5,000ஐ 40 மில்லியால் வகுத்துப் பாருங்கள். அதே 125 வருகிறது. அதாவது நூற்று இருபத்தைந்துக்கு ஒன்று. வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று வாரம் ஓடியதே அந்த இஞ்சினின் பொறுமை.

அடுப்பங்கரைச் சுவரிலோ மிஷின் வைக்கும் கொட்டகையிலோ ஒட்டி வைக்க ஒரு பட்டியல் தருகிறேன். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு:

20க்கு 1 என்றால் 250 மில்லி
25க்கு 1 என்றால் 200 மில்லி
30க்கு 1 என்றால் 167 மில்லி
32க்கு 1 என்றால் 156 மில்லி
40க்கு 1 என்றால் 125 மில்லி
50க்கு 1 என்றால் 100 மில்லி

சில புட்டிகளில் விழுக்காடு போட்டிருக்கும். 2 விழுக்காடு என்பது 50க்கு 1. 4 விழுக்காடு என்பது 25க்கு 1. 5 விழுக்காடு என்பது 20க்கு 1. சில இடங்களில் 32:1 என்றும், சில இடங்களில் 1:32 என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். பெரிய எண் எப்போதும் பெட்ரோல். எண் பெரிதானால் எண்ணெய் குறைவு என்பதை மறந்து விடாதீர்கள். 50க்கு 1 என்றால் எண்ணெய் அதிகம் என்று நினைத்துக் கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த விகிதம் நம் வண்டிக்கு?

நம் பையனின் வண்டிக்குரிய கையேட்டைக் கைப்பேசியில் தேடி எடுத்தோம். அதில் 32க்கு 1 என்று இருந்தது. விற்றவர் சொன்னது 40. இவன் ஊற்றியது 125. பாருங்கள், ஒரே வண்டிக்கு மூன்று கணக்கு!

வாய்ச்சொல்லை விட வண்டி செய்தவர் சொல்வதே முதல் சொல். யமாஹா ஒய்-இசட் ரகப் பந்தய வண்டிகளுக்கு 30க்கு 1 என்றும், கவாசாக்கி கே-எக்ஸ் ரகத்துக்கு 32க்கு 1 என்றும் கையேடுகளில் போட்டிருக்கிறார்கள். பழைய காலத்து மிஷின்களில் 20க்கு 1, 25க்கு 1 என்று எழுதியிருக்கும். அப்போது கிடைத்த எண்ணெயின் தரம் அப்படி. இன்றைய எண்ணெய் உயர்ந்தது என்பதால் புதிய புல்வெட்டும் மிஷின்கள் பலவற்றுக்கு 50க்கு 1 போதும் என்கிறார்கள். ஆனால் எல்லா மிஷினுக்கும் அது பொருந்தாது. 25க்கு 1 கேட்கிற மிஷின்களும் இன்னும் இருக்கின்றன. மூடியிலோ உடம்பிலோ ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

புல்வெட்டும் மிஷினுக்குக் கலந்து வைத்ததை அவசரத்துக்கு ஸ்க்ராம்ப்ளரில் ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். புல்வெட்டும் மிஷினும் வேகமாகச் சுழல்வதுதான். ஆனால் பந்தய வண்டியின் இஞ்சின், ஏற்றத்தில் முழு வேகத்தில் சுமையை இழுத்து வெந்து போகிற இஞ்சின். அது கேட்கிற எண்ணெயை அதற்குக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றி விடலாமே? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எண்ணெய் மிஞ்சினால் புகை கிளம்பும். ஸ்பார்க் பிளக் கறுத்து நனைந்து வண்டி உதைக்க உதைக்கக் கிளம்பாது. புகைக்குழலில் கறுப்பாக வடியும். கரி படிந்து பிஸ்டன் வளையம் ஒட்டிக் கொள்ளும். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. எண்ணெய் கூடக் கூட, அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் துவாரம் மாறவில்லை. எனவே காற்றோடு சேரும் பெட்ரோல் சற்றுக் குறைந்து இஞ்சின் கூடுதலாகச் சூடாகும். அதனால் கையேட்டு அளவை விட்டு விலக நினைப்பவர், விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் ஜெட்டையும் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

எந்த எண்ணெய்?

கடைக்குப் போனால் வரிசையாகப் புட்டிகள். எதை எடுப்பது?

முதலில் எதை எடுக்கக் கூடாது என்று சொல்லி விடுகிறேன். கப்சாய்க்கும் காருக்கும் ஊற்றும் ஃபோர்-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலக்காதீர்கள். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் சேர்த்திருக்கும் பொருள்கள் எரிந்தால் சாம்பலாகப் படியும். படகு மோட்டாருக்கென்று டி-சி-டபிள்யூ-3 என்று எழுதிய எண்ணெய் ஒன்று உண்டு. ஆற்றோரம், கடலோரம் உள்ள ஊர்களில் மலிவாகக் கிடைக்கும். அது தண்ணீரில் குளிர்ந்து கொண்டே ஓடும் படகு மோட்டாருக்கானது. வெயிலில் வெந்து ஓடும் நம் வண்டிக்கு ஏற்றதல்ல.

டூ-டி எண்ணெய்ப் புட்டியின் பின்புறம் பாருங்கள். ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கும். எஃப்-பி, எஃப்-சி, எஃப்-டி என்று எழுத்துகள் வரும். எஃப்-பி சாதாரணம். எஃப்-சி என்றால் புகை குறைவு. எஃப்-டி என்றால் புகை குறைவதோடு உள்ளே கரி படியாமல் துப்புரவாகவும் வைத்திருக்கும். எஃப்-டி எழுதியதை எடுத்தால் புல்வெட்டும் மிஷின், சாதாரண ஓட்டம் இரண்டுக்கும் நல்லது. பந்தய ஓட்டத்துக்கென்றே முழு செயற்கை எண்ணெய் தனியாக விற்கிறார்கள். உங்கள் கையேடு அதைக் கேட்டால் அதையே வாங்குங்கள்.

நம் வீட்டு விளக்கெண்ணெய்க்கும் இதில் பங்குண்டு என்றால் நம்புவீர்களா? வயிறு சரியில்லாவிட்டால் பாட்டி மூக்கைப் பிடித்துக் கொண்டு ஊற்றுவாரே, அதே ஆமணக்கு எண்ணெய்தான். 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரில் பறந்த சுழல் இஞ்சின் விமானங்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. மிகுந்த சூட்டிலும் அது உலோகத்தை விட்டு விலகாது. இன்றும் சில பந்தய எண்ணெய்களில் ஆமணக்குச் சேர்கிறது. ஆனால் எரிந்தபின் பிசினாக ஒட்டும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். ஆகவே யாரும் சமையலறை விளக்கெண்ணெயைத் தோம்பில் ஊற்றிப் பரிசோதனை செய்ய வேண்டாம். ஆமணக்கு எண்ணெயையும் மற்ற எண்ணெயையும் ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம். எண்ணெய் மாற்றினால் பழையதை முழுதும் வடித்து விட்டு மாற்றுங்கள்.

கலக்கும் முறை

சுத்தமான, பெட்ரோலுக்கென்றே செய்த தோம்பு வேண்டும். தரையில் வையுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பாதிப் பெட்ரோலை முதலில் ஊற்றுங்கள். எண்ணெயை அளந்து ஊற்றி மூடியை இறுக்கிக் குலுக்குங்கள். பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் குலுக்குங்கள். வண்டியின் டேங்கிலேயே பெட்ரோலை ஊற்றி மேலே எண்ணெயைக் கொட்டி வண்டியை ஆட்டினால் கலந்து விடும் என்று நினைப்பது தவறு. எண்ணெய் அடியில் இறங்கி நிற்கும். முதலில் எண்ணெயாகவே போய்ப் பிளக்கை நனைக்கும். பின்னால் வெறும் பெட்ரோல் போய் பிஸ்டனைத் தின்னும்.

அளக்க மருந்துக் கடையில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் கிடைக்கும். கோடு போட்ட பால் புட்டியும் உதவும். ஆனால் ஒரு முறை எண்ணெய் அளந்த புட்டி மறுபடியும் குழந்தையிடம் போகக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் கலந்து வையுங்கள். நாள்பட்டால் பெட்ரோலின் வீரியம் போய் விடும். ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள்.

தோம்பின் மேல் விகிதத்தையும் கலந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். டூ-டி எண்ணெய்க்கு நீலம், பச்சை, சிவப்பு என்று சாயம் சேர்த்திருப்பார்கள். கலந்ததா, வெறும் பெட்ரோலா என்று அந்த நிறம் சொல்லும். எத்தனைக்கு ஒன்று என்று நிறம் சொல்லாது.

தோம்பில் பெட்ரோல் வாங்குவதற்கு நம் நாட்டில் கட்டுப்பாடு உண்டு. எண்ணெய் நிலையத்தில் முதலில் விசாரித்து, அனுமதிக் கடிதம் தேவையானால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். பெட்ரோலையோ, டூ-டி எண்ணெயையோ தண்ணீர் புட்டியிலும் குளிர்பானப் புட்டியிலும் ஊற்றி வைக்க விடாதீர்கள். பச்சையும் சிவப்புமாக நிறம் பார்த்துப் பிள்ளைகள் குடித்து விடுவார்கள். களைக்கொல்லியைச் சோடாப் புட்டியில் வைத்ததால் தோட்டங்களில் எத்தனை வீடுகள் அழுதன என்பது உங்களுக்குத் தெரியும். பாராக்குவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டு விட்டது. ஆனால் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்துக்கு யாரும் தடை போடவில்லை. அதை நாம்தான் போட வேண்டும்.

ஒரு குழந்தை பெட்ரோலைக் குடித்து விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், விரலை விடாதீர்கள். வாந்தி வரும்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கி விடும். ஆபத்து அங்கேதான். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் ரப்பர் குழாயை உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் வாலிபர்களுக்கும் இதே எச்சரிக்கை.

ஓட்டும் பிள்ளைகளுக்கு

எண்ணெய் சரியாகக் கலந்தாலும் சில சங்கதிகள் உண்டு. இஞ்சினைச் சில நிமிடம் சூடேற்றி விட்டுப் புறப்படுங்கள். குளிர்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் மட்டும் சட்டென்று சூடேறி விரிந்தாலும் பிடித்துக் கொள்ளும். காற்று வடிகட்டியைக் கழுவி வையுங்கள். செம்மண் புழுதி உள்ளே போனால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

குன்றுத் தோட்டங்களில் ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். நீண்ட இறக்கத்தில் கியரைப் போட்டபடி முறுக்கை முழுவதும் மூடிக் கொண்டு இறங்காதீர்கள். முறுக்கை மூடினால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் எண்ணெயும் வராது. ஆனால் இஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றிக் கொண்டிருக்கும். இடையிடையே கிளச்சைப் பிடித்துக் கொண்டு லேசாக முறுக்கி விடுங்கள். ஓடும்போது இஞ்சின் சத்தம் மாறி, இழுவை குறைந்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் இருந்தால் உடனே கிளச்சைப் பிடியுங்கள். சக்கரம் பூட்டிக் கொள்ளாது. கீழே விழ மாட்டீர்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்க்கப் பழகுங்கள். பால் காப்பி நிறமாக இருந்தால் நலம். வெளுத்திருந்தால் இஞ்சின் அதிகச் சூடு. கறுத்து நனைந்திருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ அதிகம். தலைக்கவசமும் காலணியும் இல்லாமல் ஏறாதீர்கள். பதிவில்லாத வண்டியைப் பெருஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

மறுநாள் பட்டணத்து ஒர்க்‌ஷாப்பில் இஞ்சினைத் திறந்தார்கள். பிஸ்டனில் நெடுக்காகக் கீறல்கள், சிலிண்டர் சுவரிலும் அதே கோடுகள். புதுப் பிஸ்டன் போட்டுச் சிலிண்டரையும் சரி செய்ய வேண்டும் என்றார் மெக்கானிக். பையன் பிஸ்டனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். "நாப்பது மில்லின்னுதான் சார் நெனச்சேன்" என்று மறுபடியும் சொன்னான்.

தங்கையின் பதிவு நாள் நெருங்கியது. தகப்பனார் தாம் சேர்ந்திருந்த கூட்டைத் தள்ளுப் போக முன்னதாகவே எடுத்தார். நட்டந்தான். ஆனாலும் பெண் குறித்த நாளில் பாலிடெக்னிக் போய்ச் சேர்ந்து விட்டாள். அந்தக் கூட்டின் மாதக் கட்டை இப்போது மகன்தான் கட்டி வருகிறான். அது முடிந்த பிறகே பிஸ்டன் வாங்குவது என்று அவனே முடிவு செய்தான். வண்டி கொட்டகையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. தகப்பனாரும் மகனும் பழையபடி பேசிக் கொள்கிறார்கள். "வண்டிய வித்துடச் சொல்லலாம்னு வந்தேன் சார். ஆனா அவன் சம்பாதிச்சது. கணக்குதானே தப்பு, புத்தி தப்பில்லையே" என்றார் அவர் ஒரு நாள். எனக்கு அது பெரிய வார்த்தையாகப் பட்டது.

என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு வகுப்புக்கு ஓர் ஐந்து லிட்டர் தண்ணீர்த் தோம்பும், ரோஸ் சிரப் புட்டியும், ஒரு சிரிஞ்சும் கொண்டு போனேன். நாற்பதுக்கு ஒன்று கலக்கச் சொன்னேன். முப்பது பிள்ளைகளில் பதினொரு பேர் 40 மில்லி அளந்து ஊற்றினார்கள். எல்லோருமே தாளில் விகிதக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள்! சிரப் பற்றாத தண்ணீரை அவர்களுக்கே குடிக்கக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார்கள். பிறகு 125 மில்லி ஊற்றினோம். நாக்கிலேயே வித்தியாசம் தெரிந்து விட்டது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஐந்து லிட்டருக்கு நாற்பதுக்கு ஒன்று என்றால் எத்தனை மில்லி? உடனே நாற்பது என்று சொன்னால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை வகுத்துக் காட்டுங்கள்.